சேதுச் சீமையின் விருந்தினர் அறை

காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களில், நூறாண்டைத் தொட்ட வீடுகள் சில இன்று தங்கும் விடுதிகளாக நடக்கின்றன. அவற்றின் அறைகளில் கிடக்கும் கட்டில், பெட்டகம், சாய்வு நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி ஆகியவற்றில் பல, அந்தந்தக் குடும்பத்தின் முன்னோர் புழங்கிய பொருள்கள். 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது காரைக்குடியும் தேவகோட்டையும் கானாடுகாத்தானும் அதில்தான் இருந்தன. 1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோதுதான் அவை சிவகங்கைப் பக்கம் போயின. வந்தவரைத் தங்கவைப்பது ஒரு குடும்பம் தன் பெயரால் செய்யும் கடமை என்ற எண்ணம் இந்தச் சீமையில் இராமேசுவரத்துக்குப் போகும் சேதுச் சாலையில் வளர்ந்தது. ஆகையால் விருந்தினர் அறையின் வரலாற்றையும் அந்தச் சாலையிலிருந்தே தொடங்க வேண்டும்.

காசியிலிருந்து கங்கை நீர் கொண்டுவந்து இராமேசுவரத்தில் இராமநாதருக்கு ஆட்டுவதும், சேதுக் கரை மணலை எடுத்துப்போய்க் கங்கையில் சேர்ப்பதும் நெடுங்கால வழக்கம். வடக்கேயிருந்து வருபவர்கள் தஞ்சாவூர் வழியாகக் கீழைக் கடற்கரையைப் பிடித்து, தொண்டி, தேவிபட்டினம், இராமநாதபுரம், மண்டபம் என்று நடந்து, தோணியேறிப் பாம்பனுக்குப் போனார்கள். மதுரை வழியாக வருபவர்கள் வைகைக் கரையோடு வந்தார்கள். பயணம் மாதக் கணக்கில் நீளும். குடிநீர் அரிது, நிழலும் அரிது, கள்ளர் பயம் வேறு. இந்த வழியைக் காத்துக்கொடுப்பதுதான் இந்தச் சீமையை ஆண்ட சேதுபதிகளின் முதற் கடமை. அவர்களுடைய பட்டமே அதைச் சொல்கிறது. 17ஆம் நூற்றாண்டில் போகலூரிலிருந்து ஆண்டவர்கள், கிழவன் சேதுபதி காலத்தில் தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். இராமேசுவரம் கோயிலின் பெரிய பிரகாரங்களை எழுப்பியதோடு, ஒரு நாள் நடைத் தொலைவுக்கு ஒன்று என்ற போக்கில் மடங்களையும் சத்திரங்களையும் கட்டி, அவற்றின் செலவுக்கு ஊர்களைத் தானமாக எழுதிவைத்தார்கள். இராமநாதபுரத்து வரலாற்றறிஞர் எஸ். எம். கமால் தொகுத்த சேதுபதி செப்பேடுகளில் இத்தகைய தானங்களைக் காணலாம். கொடுத்தவர் பெயர், ஊரின் நான்கெல்லை, எந்தத் தருமத்துக்குக் கொடுக்கப்பட்டது, அதை அழிப்பவருக்கு நேரும் பாவம் என எல்லாம் அவற்றில் வரிசையாக வரும்.

சத்திரத்தின் அறை என்பது வெறும் அறை. தெருவைப் பார்த்த திண்ணை, உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், பின்கட்டில் மடைப்பள்ளி, வெளியே கிணறோ ஊருணியோ. இவ்வளவுதான் பொதுவான அமைப்பு. தங்குபவர் தம் பாயையும் செம்பையும் தாமே கொண்டுவந்தார். சத்திரத்துக்குச் சொந்தமான பொருள் என்றால் அண்டா, தவலை, கரண்டி, விளக்கு போன்ற சமையல் சாமான்களும் நெற்குதிரும்தான். சமைத்த சோறு உண்ணாதவர்களுக்கு அரிசி, பருப்பு, புளி, மிளகு, விறகு என உலுப்பை அளந்து கொடுத்தார்கள். அறையை அலங்கரிக்கும் எண்ணம் அந்த அமைப்பில் எங்கும் இல்லை. இதைக் குறையாகக் கருதக் கூடாது. யார் வந்தாலும் இடம் உண்டு என்ற ஒழுங்குக்கு வெறுந்தரைதான் பொருந்தும்.

அந்த ஒழுங்கு எவ்வளவு விரிவாக இருந்தது என்பதைத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் கிழக்கிந்தியக் கும்பினியின் ரெசிடெண்டாக இருந்த டோரினுக்கு எழுதிய கடிதம் காட்டுகிறது. சத்திரங்களைத் தம் பொறுப்பிலேயே விட்டுவைக்க வேண்டும் என்று கேட்டு எழுதிய கடிதம் அது. எல்லாச் சாதியாருக்கும் சோறு உண்டு, நள்ளிரவில் மணியடித்து அதுவரை உண்ணாதவர்களை அழைத்துப் பரிமாறுவார்கள் என்கிறார் மன்னர். நோயுற்ற பயணிக்கு மருத்துவர் மருந்து கொடுத்துக் குணமாகும்வரை பார்த்துக்கொள்வதும், கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதும், கருவுற்ற பெண்ணுக்குச் சத்திரத்திலேயே பேறுகாலம் பார்ப்பதும் அதில் விவரிக்கப்படுகின்றன. வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை வாத்தியார் பொறுப்பில் ஒப்படைத்து வளர்த்தார்கள். தஞ்சை அரண்மனையின் சத்திரங்கள் சேதுச் சாலையில் மீமிசல்வரை நீண்டிருந்தன. அடுத்த ஆண்டே, 1802இல், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் எழுந்தது. சரபோஜியின் காதற்குரிய முக்தாம்பாள் இறக்கும்போது கேட்டுக்கொண்டபடி கட்டியது என்பார்கள்.

இந்தச் சாலையின் தங்குமிடங்களில் பெண்கள் பெயர் அடிக்கடி வருவது கவனிக்கத்தக்கது. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள், மதுரையில் ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள். பாம்பன் தீவுக்குள் நுழைந்தால் அக்காள்மடமும் தங்கச்சிமடமும் அடுத்தடுத்து வருகின்றன. சேதுபதி குலத்து உடன்பிறந்த பெண்கள் இருவர் நினைவாக அவை எழுந்தன என்பது மரபுவழிச் செய்தி. மண்டபத்துக்கு இப்பால் பிள்ளைமடம், சாயல்குடிப் பக்கம் கடுகுச்சந்தைச் சத்திரம் என்று, கட்டடத்தின் பெயரே ஊருக்கும் நிலைத்துவிட்ட இடங்கள் இந்தக் கடற்கரையில் பல.

கும்பினி ஆட்சி வந்ததும் தானங்களின் நிலை மாறியது. 1803இல் இராமநாதபுரம் நிலையான வரி கட்டும் ஜமீனாகியது. 1817இன் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம் கோயில், பாலம், சத்திரம் ஆகியவற்றின் மானியங்களை வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. மேற்பார்வை வந்ததே தவிர, சோறு போட்ட குடும்பத்தின் அக்கறை அந்த ஏற்பாட்டில் வரவில்லை. சத்திரங்களை உண்மையில் ஓய வைத்தது இருப்புப்பாதை. 1902இல் மதுரையிலிருந்து மண்டபம்வரை ரயில் வந்தது. 1914 பிப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. பத்து நாள் நடந்த வழியை ஒரே இரவில் கடக்க முடிந்தபோது நடுவழியில் தங்க ஆளில்லை. அதே ரயிலில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளிகளும் வந்தார்கள். அவர்களை மண்டபம் முகாமில் அடைத்து, நோயில்லை என்று உறுதி செய்த பிறகே கடல் கடக்க விட்டார்கள். விருந்தோம்பலுக்குப் பேர்போன சாலையின் முடிவில் அந்த முகாம் இருந்ததை மறைத்து இந்த வரலாற்றை எழுத முடியாது.

தங்கும் இடம் இனி வழியில் வேண்டாம், இராமேசுவரத்தில் வேண்டும் என்று ஆனது. கோயில் புரோகிதர்களான மராத்தியப் பண்டாக்கள் தம் வீடுகளிலேயே வடநாட்டுப் பயணிகளைத் தங்கவைத்தார்கள். சமூகங்கள் தத்தமக்கென விடுதிகளைக் கட்டிக்கொண்டன. இவற்றில் செட்டிநாட்டுச் செட்டியார்களான நாட்டுக்கோட்டை நகரத்தாருடைய பங்கு பெரியது. 1813இலேயே காசியில் நகரச் சத்திரம் நிறுவி, விசுவநாதருக்கு நாள்தோறும் வழிபாட்டுப் பொருள் அனுப்பும் கட்டளையை ஏற்றவர்கள் அவர்கள். காசியில் சத்திரமும் இராமேசுவரத்தில் நகர விடுதியுமாக, அந்தப் பழைய யாத்திரையின் இரு முனைகளையும் அவர்கள் பிடித்திருந்தார்கள். அரசர்கள் செய்துவந்த தருமத்தை வணிகர்கள் தலைமேல் ஏற்றுக்கொண்ட காலம் அது.

மேசை, நாற்காலி, கட்டில் போட்டு ஆயத்தமாக வைத்த விருந்தினர் அறை வேறொரு வழியாக வந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் சுற்றுப்பயணத்தில் தங்குவதற்குப் பயணியர் பங்களாக்கள் எழுந்தன. சமஸ்தானங்களும் ஜமீன்களும் தம் அரண்மனைக்கு வெளியே விருந்தினர் பங்களா கட்டின. அரண்மனைக்குள் அந்நியர் தங்க ஆசாரம் இடம் கொடுக்காது; கலெக்டரைத் திண்ணையில் படுக்க வைக்கவும் முடியாது. இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி காலத்தில் இந்த ஏற்பாடு நன்கு நிலைபெற்றிருந்தது. 1897 ஜனவரி 26 அன்று இலங்கையிலிருந்து பாம்பனில் வந்திறங்கிய சுவாமி விவேகானந்தரை, மன்னரும் ஊராரும் குதிரைகளை அவிழ்த்துவிட்டு வண்டியைத் தாமே இழுத்து அழைத்துச் சென்றதும் ஒரு பங்களாவுக்குத்தான்.

நகரத்தாரின் செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளிலும் எழுந்தவை. பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று கொடுக்கல் வாங்கல் நடத்திச் சேர்த்த பணம் இந்த வறண்ட சீமையில் வீடாக நின்றது. தெருவிலிருந்து பின்தெருவரை ஒரே நேர்கோட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று வீடு நீளும். பர்மாத் தேக்கில் நிலையும் தூணும், இலங்கை முதிரை மரத்தில் சில தூண்கள், இத்தாலியச் சலவைக்கல், ஆத்தங்குடித் தரைக்கல், முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர். விருந்தாளியின் இடம் முகப்புதான். ஆடவர் அங்கே பட்டாலையில் விரித்த பாயில் அமர்ந்து வரவேற்பார்கள். கணக்கெழுதும் சாய்வுப் பெட்டியும் அங்கேயே இருக்கும். வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்குள் வெளியார் போக வழியில்லை. மணமான மகன் ஒவ்வொருவருக்கும் அங்கே ஓர் அறை உண்டு. ஒரு தம்பதியை ஒரு புள்ளியாகக் கணக்கிடுவது நகரத்தார் வழக்கம்; அந்தப் புள்ளிக்குரிய அறையில் அவர்களுடைய சாமான்கள் பூட்டியிருக்கும்.

சாமான் என்ற சொல் இங்கே பெரும்பாலும் பெண் கொண்டுவந்த சீரைக் குறிக்கும். திருமணத்தின்போது பெண்வீட்டார் கொடுக்கும் பொருளெல்லாம் சிட்டையில் எழுதப்படும். பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், எனாமல் அடுக்கு, பர்மாவின் அரக்குப் பூச்சுக் கலங்கள், ஆச்சிமார் பின்னிய ஓலைக் கொட்டான்கள், பாய், மெத்தை, பெட்டகம் என்று வகை வகையாகப் பிரித்து எண்ணிக்கையோடு எழுதி, வளவில் பரப்பி உறவினர் பார்க்க வைப்பார்கள். பாத்திரம் ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டப்பட்டிருக்கும். வீட்டின் விலாசமான முன்னெழுத்துகளும் அதோடு சேரும். இவற்றில் பலவற்றை அன்றாடம் புழங்குவதில்லை. அடுத்த தலைமுறைத் திருமணத்தில் எடுத்து, துலக்கி, மறுபடி எண்ணி உள்ளே வைப்பார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் செல்வத்தின் அடையாளமாகப் பார்க்கும் இந்தக் குவியல், ஒரு பெண் தன் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த உரிமைச் சொத்தின் கணக்கு. விடுதி அறையில் ஒரு பெட்டகத்தைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது எந்த ஆச்சியுடைய சீர் என்பதுதான்.

மேல்நாட்டுப் பொருள்கள் வந்த வழி வேறு. பெல்ஜியம் கண்ணாடி, பொகீமியச் சரவிளக்கு, ஜெர்மன் கடிகாரம், பிரம்பு பின்னிய சோபா ஆகியவற்றை, வணிகத்துக்குச் சென்ற துறைமுக நகரங்களிலிருந்து ஆடவர் அனுப்பினார்கள். அவை முகப்பிலும் மேல்மாடிக் கூடத்திலும் இடம் பிடித்தன. இரவிவர்மாவின் அச்சுப் படங்களும், மூத்தோரின் மாலையிட்ட புகைப்படங்களும் சுவரில் வரிசையாக ஏறின. நாற்காலி வந்த பிறகும் வீட்டார் தரையிலேயே உட்கார்ந்தார்கள். நாற்காலி விருந்தாளிக்கென்று இருந்தது.

இந்தச் செல்வத்தின் அடித்தளம் பர்மா. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனைத் திருப்ப முடியாத உழவர்களின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. பர்மிய உழவருக்கு அது எத்தகைய இழப்பு என்பதையும் இந்த வீடுகளைப் போற்றுபவர்கள் நினைவில் வைக்க வேண்டும். 1942இல் ஜப்பானியப் படை வந்ததும் பலர் கால்நடையாகத் தாய்நாடு திரும்பினார்கள். 1948இல் பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் இயற்றியது. 1962இல் வந்த இராணுவ ஆட்சி வங்கிகளையும் வணிகத்தையும் எடுத்துக்கொண்டது. வீடு நின்றது, அதைத் தாங்கிய வருமானம் போயிற்று.

அதற்கு மேல் பங்குச் சிக்கல். தாத்தா கட்டிய வீட்டில் பேரன், கொள்ளுப்பேரன் என்று பல பத்துப் பேருக்குப் பங்கு. எல்லாரும் ஒப்பாமல் விற்கவும் முடியாது, பழுது பார்க்கச் செலவைப் பகிரவும் இயலாது. திருமணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் திறக்கும் வீடுகள் பெருகின. ஒப்புதல் கிடைத்த இடங்களில் வீட்டையே பிரித்து விற்றார்கள். தூண் ஒருவருக்கு, நிலை ஒருவருக்கு, உத்தரம் ஒருவருக்கு என்று போயிற்று. சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. எனாமல் கேரியரும் கல்சட்டியும் மரப்பாச்சியும் அங்கிருந்து சென்னைக்கும் மும்பைக்கும் வெளிநாட்டுக்கும் பயணமாயின. நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் 1920இல் செய்த பெட்டகத்துக்கு அப்போது ஐம்பது வயதுதான். சட்டத்தின் காப்புக்குள் வருவதற்கு முன்பே பெரும்பகுதி கைமாறிவிட்டது. அந்தக் கடைகளில் வெட்டிய பெயரோடு கிடக்கும் பாத்திரத்தைப் பார்த்தால் யார் வீட்டுடையது என்பது உள்ளூராருக்குத் தெரியும். வாங்குபவருக்கு அது வெறும் எழுத்து.

குடும்பமே தன் வீட்டை விடுதியாக்கும் வழி இந்தச் சூழலில்தான் பிறந்தது. காரைக்குடியின் ‘பங்களா’ இதில் முன்னோடி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எம்.எஸ்.எம்.எம். குடும்பம் வெள்ளைக்கார விருந்தினரையும் நண்பர்களையும் உபசரிக்க வைத்திருந்த கட்டடம் அது. குடியிருந்த வீடு அல்ல. சேதுபதியின் விருந்தினர் பங்களாவைப் போன்ற ஏற்பாடு. 1999இல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மீனாட்சி மெய்யப்பன் முயற்சியில் அது தங்கும் விடுதியாகத் திறந்தது. வீட்டுச் சாமான்களே அறைகளை நிரப்பின. வாழையிலைச் சாப்பாடும் வீட்டுச் சமையல்காரர்களின் கைப்பக்குவமுமே அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன. விருந்தினரைத் தங்கவைக்கக் கட்டிய இடம் மீண்டும் அந்த வேலைக்கே வந்ததால், அங்கே எதையும் வலிந்து மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கானாடுகாத்தானின் ‘விசாலம்’ கதை வேறு. இராமநாதன் செட்டியார் தம் மூத்த மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு அது. வீடு மகனுக்கு, சீர் மகளுக்கு என்ற சமூகத்தில் மகளுக்கென்றே ஒரு மாளிகை எழுந்தது அரிய செய்தி. பின்னாளில் கேரளத்தைச் சேர்ந்த ஒரு விடுதி நிறுவனம் அதை எடுத்து விடுதியாக்கியது. கோத்தமங்கலத்தின் ‘சாரதா விலாஸ்’ வீட்டைப் பழுது பார்த்தவர்கள் மிஷேல் அத்மான், பெர்னார் திராகோன் என்ற பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர்கள். இந்த ஊர்களின் மரபைக் காக்கவேண்டும் என்று அவர்கள் தொடர்ந்து பாடுபட்டார்கள். 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. முன்னாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கடியாபட்டியில் ‘சிதம்பர விலாஸ்’ இதே வழியில் விடுதியாயிற்று.

வீடு விடுதியாகும்போது சில ஒழுங்குகள் தலைகீழாகின்றன. முகப்பைத் தாண்டாத விருந்தாளி இன்று உள்ளறையில் படுக்கிறார். ஆச்சியும் அப்பத்தாவும் மட்டும் திறந்த பெட்டகம் அவர் துணி வைக்கும் இடமாகிறது. அறைக்குள் கழிப்பறை இல்லாத வீட்டில் அதற்கு இடம் காண வேண்டும். மின்கம்பி இழுக்க வேண்டும். குளிர்சாதனத்துக்காகக் காற்றோடும் பலகணியை அடைக்கவும் நேர்கிறது. வளவின் அறைகள் இருளாகவும் சிறியவையாகவும் இருப்பவை, ஏனெனில் அவை பொருளைப் பூட்டிவைக்கவே பெரிதும் உதவியவை. காற்றும் வெளிச்சமும் உள்ள மேல்மாடிக் கூடங்கள் விடுதிக்கு எளிதில் இசைகின்றன. சத்திரத்தில் யாரும் தங்கலாம், இங்கே கட்டணம் கொடுப்பவரே தங்கலாம் என்பது பெரிய வேறுபாடு. இருந்தாலும் வீடு இடிபடாமல் நிற்பதற்கு இன்று இதைவிட நல்ல வழி கண்டுபிடிக்கப்படவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருளைவிட, தினமும் துடைத்துப் புழங்கும் பொருள் நீண்ட நாள் நிற்கும். பூட்டிய வீட்டின் கட்டிலைக் கறையான் தின்றுவிடுகிறது. ஆள் படுக்கும் கட்டில் கவனிக்கப்படுகிறது.

கெடுதல் வேறோர் இடத்தில் இருக்கிறது. விடுதிகள் பெருகப் பெருக, பழம்பொருள் கடையில் வாங்கிய சாமான்களும் குடும்பச் சாமான்களோடு கலக்கின்றன. பிறர் வீட்டுத் தாத்தாவின் புகைப்படம் அழகுக்காகச் சுவரில் ஏறுகிறது. எங்கிருந்து வந்தது, யாருடையது என்ற செய்தி பிரிந்துவிட்டால் மிஞ்சுவது மரமும் பித்தளையும்தான். அந்தச் செய்திதான் குடும்பச் சாமானுக்கு மதிப்பு.

கடற்கரைப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அங்கிருந்த தங்குமிடங்களும் போயின. சேதுச் சாலையின் சத்திரங்களில் சில பள்ளிக்கூடமாகவோ அலுவலகமாகவோ மாறிப் பிழைத்தன. பல, கூரையிழந்து கருவேலங்காட்டுக்குள் நிற்கின்றன. ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு அவற்றைத் தன்னுடையவையாகக் கருதும் குடும்பம் இல்லாமல் போனதே காரணம். செட்டிநாட்டு வீடுகளுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்காவது இவற்றுக்குக் கிடைக்க வேண்டும். தொல்லியல் துறையும் மாவட்ட நிர்வாகமும் சாலை நெடுகச் சத்திரங்களைக் கணக்கெடுத்து, கல்வெட்டோடு நிற்பவற்றையாவது காக்க முன்வர வேண்டும். செட்டிநாட்டுக் குடும்பங்கள் செய்ய வேண்டிய வேலையோ வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பழைய சீர்ச் சிட்டைகள் பல வீடுகளில் இன்னும் பெட்டகத்துக்குள் கிடக்கின்றன. வாசித்துச் சொல்லக்கூடிய ஆச்சிமார் இருக்கும்போதே அவற்றை எடுத்து, வீட்டில் எஞ்சிய சாமான்களோடு ஒத்துப் பார்த்து, எது யாருடையது என்று எழுதிவைத்துவிட வேண்டும்.